புதிய சட்டமும் ஐந்து மாதப் பாக்கியும்
(பொதுக்குழுவில் பேசியது)



சூரமங்கலத்தில் ஜங்ஷனைச் சுற்றி 25, 30 வருஷத்துக்கு முன் எழும்பிய குடியிருப்புகள் சிலவற்றில் இப்போது கூரைக் கம்பி வெளியே தெரிகிறது. 1994-ஆம் வருஷச் சட்டப்படி இடித்துக் கட்ட எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் துபாயில் இருந்துகொண்டு போனை எடுக்காவிட்டாலும் வேலை நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும் என்கிறது. நம் 24 வீட்டுக்கு 16. நல்ல மாற்றம்தான். ஆனாலும் மீதி எட்டுப் பேரிடம் கணக்கைக் காட்டிப் பேசாமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்பேன்.

அடுத்தது பாக்கி. லிஃப்ட் பராமரிப்பவருக்கு ஐந்து மாதமாகப் பணம் போகவில்லை. ஆறு வீடுகள் சந்தா கட்டாததே காரணம். அவர் உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு தொழில்காரர். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டுவட்டி. 2024-இல் அந்த விகிதம் 6.75, மூன்று மடங்கு 20.25 சதவீதம். நான் எழுதிய நகைக்கடன் லெட்ஜரில்கூட இப்படி வட்டி பார்த்ததில்லை!

அவர் வட்டி கேட்கவில்லை. போன சனிக்கிழமை லிஃப்ட் நின்றபோதும் கூப்பிட்டதும் வந்தார். நான்காவது மாடியிலிருந்து டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர் நம்மிடையே இருக்கிறார். அந்த ஆறு வீட்டாரும் 10-ஆம் தேதிக்குள் கட்டினால் 11-ஆம் தேதி காசோலை கொடுத்துவிடலாம். ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது.