குடிநோய்க்கு வைத்தியம்: நாங்கள் மாறிய கதை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குடிநோய் மீட்புப் பணியாளர்கள் பேசியது)



முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். ரொம்ப நாளாக நாங்கள், "மனசு வைத்தால் குடியை விடலாம், மாத்திரை எதற்கு?" என்றுதான் சொல்லிவந்தோம். எங்களில் சிலர் முன்பு குடித்து, பிறகு விட்டவர்கள். நமக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று நினைத்தோம். ஆராய்ச்சி என்று டாக்டர் பேசினால், "குடிகாரன் கஷ்டம் அவருக்கு என்ன தெரியும்?" என்று தட்டிவிட்டோம்.

பயிற்சிக்குப் போன பிறகுதான் புரிந்தது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் புத்தித் தடுமாற்றம் வரலாம். உயிரே போகலாம். அப்போது டாக்டர் கவனிப்பும் மருந்தும் வேண்டும். "ரூமில் போட்டுப் பூட்டுங்கள்" என்று நாங்கள் சொன்னதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், திரும்பக் குடிக்காமல் இருக்க உதவும் அகாம்புரோசேட் ஆகிய மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பலரிடம் சோதித்துப் பலன் கண்ட மருந்துகள் இவை. மருந்தோடு ஆலோசனையும் குடும்ப ஆதரவும் சேரவேண்டும். ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கச் சொல்லும் பொடியைக் குழுக் கடன் வாங்கி வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்தால், அவர் குடிக்கும்போது வாந்தி, நெஞ்சுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை அவர் சம்மதத்தோடு, டாக்டர் சொன்னபடிதான் கொடுக்கவேண்டும்.

மையத்தில் சேர்க்கும் முன் கேளுங்கள்: டாக்டர் வருகிறாரா? என்ன மருந்து, எதற்கு? அடிப்பார்களா, கட்டிப்போடுவார்களா? (சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.) வீடு திரும்பிய பின் யார் கவனிப்பார்கள்? கேள்வி கேட்டால் கோபப்படும் இடம் நமக்கு வேண்டாம். அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446.

திரும்பக் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்காராதீர்கள். சர்க்கரை ஏறினால் வைத்தியத்தை விட்டுவிடுகிறோமா? அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமும் இல்லை.

ஆயிரம் ரூபாய் கடன் கொடுக்க குழுவில் எத்தனை கேள்வி கேட்கிறோம்! உயிர் விஷயத்தில் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டாமா? எங்களையும் கேளுங்கள்.