தலைக்கையும் புணையும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கவிதையும் பிற கலைகளும்' என்ற தலைப்பை விழாக் குழுவினர் எனக்கு அளித்தார்கள். கடலளவு தலைப்பு அது. ஒரு கலையை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். அதுவும் நம் கவியரங்குகளில் இதுவரை பேசப்படாத கலை. ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுழன்றாடும் பால்ரூம் நடனம். இந்த உரையில் அதனை 'இணையாட்டம்' என்றே அழைக்கிறேன்.

இது எங்கோ ஐரோப்பாவில் நடப்பது என்று நினைக்க வேண்டா. தாம்பரத்தில் ரயிலேறினால் மூன்றாவது நிலையம் பல்லாவரம்; ஏழாவது நிலையம் பரங்கிமலை. அந்த இரண்டு ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கலை இது. 1931ஆம் ஆண்டு கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேயின் ஓட்டுநர்களிலும் கார்டுகளிலும் பலர் அச்சமூகத்தினர். பகலெல்லாம் புகையோடும் இரும்போடும் உழைத்தவர்கள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் கூடங்களில் வால்ட்ஸும் ஃபாக்ஸ்டிராட்டும் ஜைவும் ஆடினார்கள். 1947க்குப் பின் பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தன. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்தன. எஞ்சியவர்கள் நம் அண்டைவீட்டார். ஆயினும் நம் எழுத்தில் அவர்கள் வந்தது குறைவு. அசோகமித்திரன் 'பதினெட்டாவது அட்சக்கோட்'டில் செகந்திராபாத்தின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை எழுதினார். பரங்கிமலைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவ்வூரில் ஒரு வீட்டின் முன்னறையில், ஓராண்டுக் காலம் சனிக்கிழமை மாலைகளில் இவ்வாட்டத்தைப் பயின்றேன். கற்பித்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; கணவரை இழந்தவர். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார். முதல் சில வாரங்கள் இசையே கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கை மட்டும்தான்.

வால்ட்ஸ் ஆட்டத்தின் அடிப்படையான வலச்சுழலைச் சொல்கிறேன். கவிஞர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும். அது ஆறு அடிகள் கொண்டது. நடத்துபவர் வலக்காலை முன்வைக்கிறார்; குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. இரண்டாம் அடியில் இடக்கால் பக்கவாட்டில் செல்கிறது. உடல் விரல்நுனியில் உயர்கிறது. மூன்றாம் அடியில் வலக்கால் இடக்காலோடு சேர்கிறது. குதிகால் மெல்லத் தரையில் இறங்குகிறது. இம்மூன்றிலும் முழு வட்டத்தின் எட்டில் மூன்று பங்கு திரும்பியாகிவிடும். பிறகு இடக்காலைப் பின்வைத்து அடுத்த மூன்று அடிகள். மீண்டும் எட்டில் மூன்று பங்கு.

இதில் நான் வியந்தது ஒன்று உண்டு. நடத்துபவர் முற்பாதியில் செய்வதைத்தான் இணைந்தாடுபவர் பிற்பாதியில் செய்கிறார். முன்னோக்கி வருபவர் சுழலின் வெளிவட்டத்தில் நீண்ட அடி வைத்துக் கடக்கிறார். பின்னோக்கிச் செல்பவர் உள்வட்டத்தில் சிற்றடி வைத்து அவருக்கு இடம் தருகிறார். மூன்று எண்ணிக்கை முடிந்ததும் நிலை மாறுகிறது. இடம் தந்தவர் கடக்கிறார். கடந்தவர் இடம் தருகிறார். ஒருவர் மட்டும் எப்போதும் கடந்துகொண்டிருந்தால் அங்கே சுழற்சி இல்லை, இழுபறிதான் உண்டு.

அதனால்தான் அந்த ஆசிரியை, ஆணானாலும் பெண்ணானாலும் இரு பாகங்களையும் கற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கையால் இழுப்பதையும் தள்ளுவதையும் அவர் அனுமதித்ததே இல்லை. கைகள் வெறும் சட்டகம். குறிப்பு மார்பிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டும். அடுத்தவர் அதைக் கேட்கும் அளவுக்குத் தம் உடலை அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்பது அவர் பாடம்.

'இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஏற்றதா?' என்று சிலர் மனத்திற்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஐரோப்பாவிலும் இதே கேள்வி எழுந்தது. 1816இல் லண்டன் 'டைம்ஸ்' நாளேடு வால்ட்ஸ் ஆட்டத்தை ஒழுக்கக்கேடு என்று கண்டித்து எழுதியது. நம் திரைப்படங்களும் நெடுங்காலம் இணையாட்டத்தை விடுதிக் காட்சிகளில் அடைத்து, கெட்டுப்போனவர்களின் அடையாளமாக்கின. ஆனால் கைகோத்து ஆடுவது தமிழுக்குப் புதிதா? சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு மகளிர் ஏழு சுரங்களின் பெயரேற்று, வட்டமாக நின்று, நண்டுக்கை என்னும் கற்கடகக் கை கோத்து ஆடுகிறார்கள்.

அதற்கும் முன்னே பதிற்றுப்பத்துக்குச் செல்வோம். அதன் ஐம்பத்திரண்டாம் பாட்டைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். பாடப்பட்டவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். மன்னன் துணங்கைக் களத்தில் மகளிரோடு ஆடிவிட்டு வருகிறான். கண்டு வெகுண்ட அரசி அவன்மேல் எறிவதற்குச் சிறிய செங்குவளை மலரை ஓங்குகிறாள். அதனைத் தந்துவிடு என்று அவன் இரக்கிறான். அவள் கொடுக்காமல் அகல்கிறாள். ஒரு பூவை அவள் கையிலிருந்து பறிக்க மாட்டாத நீயா பகைவர் மதிலைப் பறிக்கப்போகிறாய் என்று புலவர் நகையாடுகிறார்.

அப்பாட்டில் மன்னனின் ஆட்டத்தைக் குறிக்க இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று, 'தலைக்கை' தருதல். முதற்கை கொடுப்பது என்று பொருள் கொள்ளலாம். மற்றொன்று 'புணை', நீரில் தாங்கிச் செல்லும் தெப்பம். ஆங்கிலத்தில் 'லீட்' என்று சொல்வதற்குத் தமிழில் என்ன சொல் என்று நான் தேடிய நாட்கள் உண்டு. அது இங்கேயே இருந்தது, அதைவிடச் செறிவாக. முதற்கை கொடுப்பவன் தலைவனாகி இழுத்துச் செல்பவன் அல்லன். அடுத்தவரைத் தாங்கும் தெப்பமாக இருப்பவன். பரங்கிமலை ஆசிரியை ஓராண்டு முழுதும் உணர்த்த முயன்றதை நச்செள்ளையார் இரு சொற்களில் அடக்கிவிட்டார்.

இணையை இழந்த ஆட்டக்காரியும் நமக்குப் புதியவள் அல்லள். குறுந்தொகையின் முப்பத்தொன்றாம் பாட்டு ஆதிமந்தியாருடையது. வீரர் திரண்ட விழாவிலும் மகளிர் ஆடும் துணங்கையிலும் தேடியும் காதலனைக் காணாத பெண் அதில் பேசுகிறாள். தானும் ஆடுகளத்தவள், அவனும் ஆடுகளத்தவன் என்கிறாள். காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி ஆதிமந்தி அலைந்ததைப் பரணர் அகநானூற்றில் பாடுகிறார். சனிக்கிழமை மாலையில் சாப்பாட்டு மேசையைத் தள்ளிவைத்து, எதிரே எவருமின்றி இருவருக்கும் உரிய அடிகளை ஆடிக் காட்டிய அம்மையாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டே நினைவுக்கு வருகிறது. அவரை அயலார் என்று சொல்ல என் தமிழ் இடம்தரவில்லை.

இனி யாப்புக்கு வருகிறேன். கால் பதிவதையும் 'அடி' என்கிறோம். செய்யுள் வரியையும் 'அடி' என்கிறோம். நான் கருதுவது அந்த ஒற்றுமையை அன்று, தளையை. நின்ற சீரின் ஈறு, வரும் சீரின் முதலசையை முடிவு செய்கிறது. வெண்பாவில் மாச்சீரின் பின் நிரை வர வேண்டும். விளச்சீரின் பின்னும் காய்ச்சீரின் பின்னும் நேர் வர வேண்டும். வால்ட்ஸில் மூன்றாம் எண்ணிக்கையில் உடலின் பாரம் முழுமையாக ஒரு காலுக்கு மாறிவிட வேண்டும். மாறாவிட்டால் அடுத்து வைக்க வேண்டிய கால் விடுபடாது. முடித்த முறைதான் தொடங்கும் முறையைத் தருகிறது. தளை என்பது விலங்கு என்று சொல்லிப் புதுக்கவிதை அதை உதறியது. உதறியதில் எனக்குப் பிணக்கில்லை. விலங்கு என்ற பொருளோடு, ஒன்றை அடுத்ததோடு பிணைக்கும் கட்டு என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒரு வரி தன் பாரத்தை அடுத்த வரிக்கு முழுமையாக மாற்றித் தருகிறதா என்ற கேள்வி உரைவீச்சுக்கும் பொருந்தும்.

நண்பர்களே, பத்தாண்டு நிறைவில் வாழ்த்தோடு ஒன்றையும் வேண்டிக்கொள்கிறேன். நம் கூட்டங்களில் ஒருவர் எழுந்து படிக்கிறார், கைதட்டுகிறோம், அடுத்தவர் எழுகிறார். தனியாட்டங்களின் வரிசை அது. தம் கவிதை முடிந்ததும் வாசலை நோக்கும் கண்களையும் நாம் அறிவோம். எல்லாரும் வெளிவட்டத்திலேயே நீண்ட அடி வைக்க விரும்பினால் உள்வட்டத்தில் நின்று இடம்தருவது யார்? வரும் ஆண்டில் மாதம் ஒரு கூட்டத்திலேனும், படிப்பவர் தம் கவிதையைப் படிக்காமல் மற்றொருவர் கவிதையைப் படிக்கட்டும். எழுதியவர் வாய்திறவாமல் கேட்கட்டும். அடுத்த கூட்டத்தில் நிலை மாறட்டும். இரு பாகமும் கற்ற பின்னரே ஆட்டம் கைவரும்.

இன்னொன்று. ஏழு நிலையத் தொலைவு பெரிய தொலைவன்று. அக்கூடங்களில் ஆடியவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தமிழில் எழுதி வைக்க இந்த வட்டத்தில் ஆட்கள் உண்டு. அவர்கள் வரட்டும் என்று காத்திராமல் முதற்கை நாம் கொடுப்போம்.