முதல் ஆறு மணி நேரம் நம் கையில்

(நம் நலச்சங்கக் கூட்டத்தில் திண்டிவனம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கைக்குழந்தைக்குக்கூட கருவிழி மாற்றுவார்களா என்று பலர் கேட்கிறார்கள். மாற்றுகிறார்கள். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே கருவிழி வெள்ளையாக மங்கியிருக்கும். முதல் சில மாதங்களில் உருவங்கள் தெளிவாகத் தெரியாவிட்டால், மூளை பார்க்கவே கற்றுக்கொள்ளாது. பிறகு கண்ணைச் சரிசெய்தாலும் முழுப் பார்வை கிடைப்பது கடினம்.

இது எளிய சிகிச்சை இல்லை. குழந்தையின் உடல் புதிய கருவிழியை ஏற்க மறுக்கும் வாய்ப்பு அதிகம். தையலும் சீக்கிரம் தளரும். மயக்க மருந்து கொடுத்துத்தான் பரிசோதிக்கவே முடியும். அறுவை சிகிச்சை நாளில் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் தள்ளிப்போட வேண்டியதுதான்.

அதுவரை கருவிழி கெடாமல் இருக்க வேண்டுமே! முன்பு முழுக் கண்ணையும் எடுத்துக் குளிரில் வைப்பார்கள்; ஓரிரு நாளுக்குள் பொருத்தியாக வேண்டும். 1974-இல் வந்த எம்.கே. திரவத்தில், 4 டிகிரி குளிரில், 4 நாள் வரை வைக்கலாம். இப்போது மதுரை அரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற திரவங்களில் 14 நாள் வரை தாங்கும்.

ஆனால் இறந்தவரிடமிருந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தால்தான் இதெல்லாம். அந்த நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

என் அம்மா இறந்த இரவு, எல்லா உறவினருக்கும் போன் செய்தேன். கண் வங்கி நினைவுக்கு வந்தபோது விடிந்து, எட்டு மணி நேரம் கடந்திருந்தது. அம்மா பலமுறை சொல்லி வைத்திருந்தார். தவறு என்னுடையது.

இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் நம் எழும்பூரில் தொடங்கியது. இன்று புதுச்சேரியிலேயே அரவிந்த், ஜிப்மர் இரண்டிலும் கண் வங்கி உண்டு. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான்.

செய்ய வேண்டியவை இவை:

உடனே கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தலையைத் தலையணையில் சற்று உயர்த்துங்கள். அவர்களே வீட்டுக்கு வருவார்கள். 20 நிமிட வேலை. முகம் விகாரமாகாது. கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி எல்லோரும் தரலாம். முன்பே எழுதிக் கொடுக்காவிட்டாலும் குடும்பத்தார் சம்மதம் போதும்.

வயதானவர் கண் குழந்தைக்கு உதவுமா என்று தயங்காதீர்கள். யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பெரியவருக்குப் பொருத்தினாலும் காத்திருப்போர் வரிசை குறையுமே.

இன்றே கண் வங்கி எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். என் வீட்டில் ஒட்டிவிட்டேன்.