பாகூர் ஏரியும் சுதர்சன் சமன்பாடும்

பாகூர் ஏரியில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கல்லு போடுங்க. வளையங்கள் மோதி ஒரு கோலம் வரும். அது கரையில பட்டு, நாணல்ல சிதறி, ஏரி முழுக்கப் பரவிடும். திரும்பப் பொறுக்க முடியாது.

குவாண்டம் நிலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெப்பம், வெளிச்சம், காத்துன்னு ஏதாவது தொட்டுக்கிட்டே இருக்கும். தொடத்தொட அதோட கோலம் வெளியே கசியும். கசிஞ்சது திரும்பாதுன்னு வெச்சுக்கிட்டு, 1976ல இதுக்குப் பொதுச் சமன்பாடு எழுதின மூணு பேர்ல ஒருத்தர் இ.சி.ஜி. சுதர்சன். நம்ம சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில படிச்சவர். அதே வருஷம் ஸ்வீடன்ல லிண்ட்பிளாடும் தனியா எழுதினார். பல பேர் ‘லிண்ட்பிளாட் சமன்பாடு’ன்னு மட்டும் சொல்றாங்க. எனக்கு அது உறுத்தும்.

குவாண்டம் கம்ப்யூட்டர் செய்யறவங்களோட தலைவலியே இந்தக் கசிவுதான். மீத்திறன்கடத்தி க்யூபிட்டை மைனஸ் 273 டிகிரிக்குப் பக்கத்துல குளிர வைக்கிறதும் இதுக்காகத்தான்.