இருளில் மறைந்த முகங்கள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



காமன் கூத்தின் பெருமையைப் பற்றி இம்மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். அந்தக் கூத்தை வீடியோவில் பதித்து வைப்பதிலே நேர்ந்த ஓர் இடையூற்றைப் பற்றி நாம் இன்று பேச வந்திருக்கிறோம். இது கணினி விஷயமாயிற்றே, எமக்கென்ன என்று பெரியோர்கள் எண்ண வேண்டாம். அவர்களிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது.

2019ஆம் ஆண்டு மாசியில், டயகமவில் காமன் பொட்டலில் விடிய விடிய நடந்த கூத்தை நாம் கமராவில் பதிவு செய்தோம். வெளிச்சம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு தீவட்டிகள், கோயிலிலிருந்து கம்பி இழுத்துக் கட்டிய சில விளக்குகள், முடிவில் காமன் தகனத்தின் நெருப்பு, அவ்வளவுதான். போதாததற்கு மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் வேறு. ரதியும் மதனும் வெளிச்சத்தில் ஆடினார்கள். தப்படித்தவர்களும், பாட்டை எடுத்துக் கொடுத்த வாத்தியாரும் அரை இருளில் நின்றார்கள். அந்த வாத்தியார் இன்று நம்மிடையே இல்லை.

அப்பதிவை அப்போதே கணினியில் தொகுத்து வைத்தோம். வாத்தியாரின் முகம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணும் வாயசைவும் தெரிந்தன. பின்னர் தொகுக்கும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. வந்ததை ஏற்றிக்கொண்டோம். இவ்விழாவுக்காகப் பழைய வேலையைத் திறந்து பார்த்தபோது ரதி இருந்தாள், மதன் இருந்தான், வாத்தியாரைக் காணவில்லை. அவர் நின்ற இடத்தில் கறுப்புக் கம்பளி போர்த்தியது போலிருந்தது.

பதறிப்போய், படத்தின் இருண்ட பகுதிகளை மூன்று இரவுகள் வெளுப்பாக்கிப் பார்த்தோம். லயத்து அடுப்படிப் புகை போல ஒரே சாம்பல் நிறந்தான் வந்ததேயொழிய முகம் வரவில்லை. காரணம் அறியாமல் கைவைத்ததன் பலன்!

காரணம் இதுதான். சாதாரண வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 255 ஈறாக 256 படிகள் உண்டு. தொலைக்காட்சி மரபிலோ 16ஐக் கறுப்பென்றும் 235ஐ வெள்ளையென்றும் கொள்வார்கள். சில கமராக்கள் முழு அளவில் எழுதும். சில தொலைக்காட்சி அளவில் எழுதும். எந்த அளவில் எழுதப்பட்டது என்பதை மென்பொருள்தான் அறிந்து வாசிக்க வேண்டும். எமது கமரா எழுதியது முழு அளவில். பழைய பதிப்பு அதைச் சரியாகவே வாசித்தது. புதிய பதிப்பு தொலைக்காட்சி அளவென்று எடுத்துக்கொண்டது. உடனே 16க்குக் கீழிருந்ததெல்லாம் ஒரே கறுப்பாயிற்று. வாத்தியாரின் முகத்தில் பெரும்பகுதி அங்கேதான் கிடந்தது. 235க்கு மேலிருந்த நெருப்பும் ஒரே வெள்ளையாகத்தான் போயிற்று. நெருப்புக்கு யார் அழப்போகிறார்கள்?

கமரா எழுதிய மூலக்கோப்பில் ஓர் எண் கூட மாறவில்லை. மாறியது அதை வாசிக்கும் முறை. அந்தக் கோப்பின் அளவைத் 'தானியங்கி' என்பதிலிருந்து 'முழு அளவு' என்று மாற்றியதும் வாத்தியார் திரும்பி வந்தார். மூலக்கோப்பை அழித்துவிட்டு, கறுத்துப்போன படத்தை மட்டும் வெளியெடுத்து வைத்திருந்தோமானால் அவர் போனவர் போனவர்தான்.

இது எமக்கு மட்டும் நேர்ந்த விபரீதமல்ல. 2009ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்கு 'ஸ்னோ லெப்பர்ட்' என்ற பதிப்பை வெளியிட்டபோது, திரைக்குரிய 'காமா' என்னும் அளவை 1.8இலிருந்து 2.2 ஆக மாற்றியது. மற்றக் கணினிகளோடும் தொலைக்காட்சியோடும் ஒத்துப்போவதற்காகச் செய்த நியாயமான மாற்றமே அது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 90 என்ற பிரகாசமான எண் முன்பு திரையில் 83 பங்கு ஒளியாகத் தெரிந்தது. பின்பு 79 ஆயிற்று. கண்ணுக்கு அது பெரிதாய்த் தெரியாது. நூற்றுக்கு 20 என்ற மங்கலான எண்ணோ ஐந்தரைப் பங்கிலிருந்து மூன்று பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறக்குறையப் பாதி! அளவு மாறும்போதெல்லாம் அடி முதலில் விழுவது இருளில் நிற்பவன் மேல்தான்.

மறுபக்கமும் உண்டு. 2020இல் வந்த ஐபோன் 12 முதற்கொண்டு அந்தக் கைப்பேசிகள் எச்.டி.ஆர். என்னும் விரிந்த ஒளி அளவில் வீடியோ எடுக்கின்றன. அதை அறியாத பழைய மென்பொருளில் அப்படங்கள் வெளிறித் தோன்றும். அவற்றைச் சரியாக வாசிக்கப் புதிய பதிப்புத்தான் வேண்டும். ஆனால் பழையதில் கையால் கறுப்பேற்றித் திருத்திய வேலையைப் புதியதில் திறந்தால், இரண்டு திருத்தமும் சேர்ந்து படம் இருண்டுபோகும். ஆகவே புதுமையே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் வயதும் எமக்கு இன்னும் வரவில்லை.

இப்போது நாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு படம் பாதியில் இருக்கும்போது புதிய பதிப்பை ஏற்றுவதில்லை. தானாக ஏறும் வசதியையும் நிறுத்திவிட்டோம். ஏற்றுமுன் வேலைக்கோப்பைப் பிரதி எடுத்து வைக்கிறோம், ஏனென்றால் புதியதில் சேமித்தது பழையதில் பெரும்பாலும் திறக்காது. இருண்ட காட்சி ஒன்றை நிழற்படமாக எடுத்து, எந்தப் பதிப்பு, எந்த அளவு என்று கொப்பியில் எழுதி ஒட்டுகிறோம். கண்ணை மட்டும் நம்பாமல், ஒளியளவு காட்டும் வரைபடத்தையும் பார்க்கிறோம். மூலக்கோப்பு இரண்டு தட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கிறது. மழைக்காலத்தில் எந்த லயத்தின் கூரை ஒழுகும் என்று யார் கண்டது?

வருகிற போயா விடுமுறையன்று மாலை, திருத்திய படத்தைக் கோயில் மண்டபத்தில் காட்டுகிறோம். வாத்தியாருக்குப் பின்னால், இருளில் நால்வர் நிற்பது இப்போது தெரிகிறது. ஒருவரை மட்டும் நாம் அறிவோம். மற்ற மூவர் யார், எந்த லயத்தவர் என்று பெரியோர்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கொப்பியில் மூன்று வரிகளை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.