ஆறு பெண்கள் கற்பித்த பாடம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் இருப்போரில் பலர் இன்று பிறரிடம் வேலை வாங்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். வைத்தியசாலை, வங்கி, பாடசாலை, புலம்பெயர்ந்த நாட்டில் ஓர் அலுவலகம் என இடங்கள் வேறு, கேள்வி ஒன்றுதான். என்ன செய்தால் இவர்கள் இன்னும் நன்றாக வேலை செய்வார்கள்?

எங்கள் பாடசாலை தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே ஹோதோர்ண் என்ற தொழிற்சாலையிலும் இதே கேள்வி எழுந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் இடம் அது. 1927இல் ஆறு பெண்களைத் தனி அறையொன்றில் இருத்தினார்கள். ஐவர் சிறு பாகங்களைப் பொருத்த, ஒருவர் பாகங்களை எடுத்துக் கொடுப்பார். இடையில் ஓய்வு கொடுத்தார்கள், உற்பத்தி கூடியது. சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், மேலும் கூடியது. பின்னர் அந்தச் சலுகைகளை எல்லாம் நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் வாராந்த உற்பத்தி பழைய நிலைக்கு விழவில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் எல்டன் மேயோவும் அவருடன் சேர்ந்தவர்களும் இதற்குச் சொன்ன விளக்கம் உலகெங்கும் பரவியது. மாற்றங்களைச் செய்யுமுன் அந்தப் பெண்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அடிக்கடி வரும் குறுகிய ஓய்வுகள் வேலையின் ஓட்டத்தைக் குலைக்கின்றன என்று அவர்கள் சொன்னபோது அதைக் காதில் போட்டுக்கொண்டார்கள். அதட்டும் மேற்பார்வையாளர் அங்கே இல்லை. ஆறு பேரும் ஒரு குழுவானார்கள் என்பதே அந்த விளக்கம்.

இது எங்களுக்குப் புதிதல்ல. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் பொழுதுபடும் வரை இல்லம் சோடித்தோமே, யார் எங்களுக்குச் சம்பளம் தந்தார்கள்? அது எங்கள் இல்லம் என்ற எண்ணமே போதுமாக இருந்தது.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு பேருக்கும் கூலி தனிக் குழுவாகக் கணக்கிடப்பட்டது. கூட உழைத்தால் தங்கள் கைக்கே கூட வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அதிகம் கதைக்கிறார்கள், ஒத்துழைப்பில்லை என்று இருவரை நீக்கி, வேறு இருவரைச் சேர்த்ததும் நடந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் இவற்றைச் சுட்டிக்காட்டி, அன்பான வார்த்தை மட்டுமே உற்பத்தியைக் கூட்டியது என்ற முடிவைக் கேள்விக்குள்ளாக்கினார்கள்.

எனக்கு இந்த மறுபாதிதான் முக்கியம். "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று சொல்லிக்கொண்டே, மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லாமல் இரவு ஏழு மணி வரை பிள்ளைகளை மறித்து வைக்கும் இடங்கள் உண்டு. கடைசி பஸ்ஸைத் தவறவிடும் பெண்ணுக்கு அந்தக் குடும்பம் எதற்கு? இல்லச் சோடனையைச் சம்பளமின்றிச் செய்யலாம்; வீட்டு வாடகையைப் பாராட்டினால் கட்ட முடியாது.

ஆகவே பொறுப்பில் இருக்கும் சகோதரிகளிடம் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உழைப்புக்குரியதை நேரத்துக்குக் கொடுங்கள். இரண்டாவது, செய்த வேலையின் பலனை அவர்களுக்குக் காட்டுங்கள். கோவைகளை அடுக்கும் பிள்ளைக்கு, அதனால் எத்தனை பேரின் காத்திருப்புக் குறைந்தது என்று தெரியட்டும். மூன்றாவது, "இந்த வேலையில் உங்களுக்கு எது இடைஞ்சல்?" என்று கேளுங்கள். கேட்ட பின் ஒன்றையாவது மாற்றுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, கேளாமல் இருப்பதிலும் மோசம்.

இன்னும் பொறுப்புக்கு வராத தங்கைமாரே, உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். எழுந்து நின்று பேசத்தான் இந்தப் பாடசாலை எங்களைப் பழக்கியது.

நூற்றாண்டு காணும் எங்கள் அன்னை பல்லாண்டு வாழ்க.