வறியவர்க்கும் பொழுது வேண்டும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வறுமை என்றதும் உணவு, உடை, உறையுள் ஆகியவற்றின் குறையே முதலில் நினைவுக்கு வருகிறது. அது இயல்பே, பசித்தவனுக்கு முதலில் சோறுதான் வேண்டும். ஆயினும் வறுமை சோற்றோடு சேர்த்துப் பொழுதையும் பறித்துக்கொள்கிறது. கதை கேட்கும் பொழுது, கூத்துக் காணும் பொழுது, நூல் படிக்கும் பொழுது ஆகிய யாவும் ஏழையின் கையிலிருந்து ஓசையின்றி நழுவிப் போகின்றன. இவ்விழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே இதற்காக எவரும் உண்டியல் ஏந்துவதும் இல்லை.

1948ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கை, 24ஆம் பிரிவில் ஓய்வையும், 27ஆம் பிரிவில் பண்பாட்டு வாழ்வில் பங்குபெறுவதையும் மனிதரின் உரிமைகளாகக் கூறியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்ற வரம்பையும் வார விடுமுறையையும் வகுத்தது. ஆனால் வயலில் கூலி வேலை செய்பவருக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், தெருவில் கூடை சுமந்து விற்பவருக்கும் அச்சட்டம் துணை நிற்கவில்லை. அவர்களுக்கு ஓய்வு நாள் என்பது கூலியில்லாத நாள். அதிலும் பெண்ணுக்கு வெளிவேலை முடிந்தபின் வீட்டு வேலை தொடங்குகிறது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் நிறுவப்பட்டது. அங்குள்ள செப்புத் திருமேனிகளும் சமணச் சிற்பங்களும் தமிழகத்தின் பொதுச்செல்வம். நுழைவுக் கட்டணத்தை நீக்கிவிட்டால் அது எல்லோருக்கும் உரியதாகிவிடுமா? வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் கூலிக் குடும்பம் அதனைக் காண நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். நால்வருக்குப் பேருந்துக் கட்டணம், வழியில் உணவு, கணவன் மனைவி இருவரின் ஒரு நாள் கூலி இழப்பு ஆகியவற்றைக் கூட்டினால், நுழைவுச் சீட்டு அக்கணக்கில் மிகச் சிறிய தொகையே. அதற்கும் மேலே ஒரு தடை உண்டு. பெரிய கட்டடத்தின் வாயிலில், "இது நமக்கான இடமா?" என்று தயங்கித் திரும்பும் கூச்சமே அது. அந்தக் கூச்சத்திற்கு எந்த அரசும் சலுகை அறிவிக்க இயலாது.

இத்தடைகளைக் கடக்கும் வழியைத் தமிழகம் அறியாதது அன்று. வட மாவட்டங்களில் தெருக்கூத்து, வயல்வேலை ஓய்ந்த வேனிற்காலத்தில், வேலை முடிந்த இரவில், ஊர் நடுவே நிகழ்ந்தது. செலவை ஊர் பொதுவில் ஏற்றது. பார்ப்பவர் சீட்டு வாங்கவில்லை. உழைப்பவனின் பொழுதுக்கும் கால்நடைக்கும் ஏற்ப அக்கலை அமைந்தது. எல்லாக் களங்களிலும் எல்லோருக்கும் சமமான இடம் இருந்தது என்று கூற முடியாது. சாதி அங்கும் கயிறு கட்டியது. பின்னர் வந்த டூரிங் கொட்டகையிலும், மணலில் அமர்ந்து காணும் தரை டிக்கெட் ஏழைக்கென்றே இருந்தது. இன்றைய வணிக வளாகத் திரையரங்கில் தரையும் இல்லை, அந்த டிக்கெட்டும் இல்லை.

நூலகத் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன், நூல்கள் யாவர்க்கும் உரியவை என்பதைத் தம் நூலகவியல் விதிகளுள் ஒன்றாக 1931இல் வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. நூல்களை ஏற்றிய வண்டி ஊர் ஊராகச் சென்றது. உழவன் நூலகத்தைத் தேடி நடக்க வேண்டியதில்லை. நூலகம் அவன் தெருவுக்கு வந்தது. தொலைவும் கூச்சமும் ஒரே வண்டியால் வெல்லப்பட்டன. பின்னர் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்தது. நூலகத்தில் கால் வைக்காத செல்வரின் வரியும் ஏழைச் சிறுவனின் கையில் நூலாக மாறியது.

சமண அறம் ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என நால்வகைத் தானங்களைப் போற்றுகிறது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே, பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கிய செய்தி புகழ்பெற்றது. அச்சு இல்லாத காலத்தில் ஒரு நூல் ஆயிரம் இல்லங்களைத் தேடிச் சென்றது.

இன்று அறக்கட்டளைகள் கல்விக் கட்டணம் செலுத்துகின்றன. சீருடையும் குறிப்பேடும் வழங்குகின்றன. அவை பெரும் பணிகளே. ஆனால் உதவி பெறும் மாணவிக்குப் பாடநூல் அல்லாத ஒரு கதைநூலை எவர் தருகிறார்? நேர்முகத் தேர்வில் "உன் பொழுதுபோக்கு என்ன?" என்ற வினா வரும்போது, தம்பியைப் பார்த்துக்கொண்டும் தண்ணீர் சுமந்தும் வளர்ந்த அப்பெண் என்ன விடை கூறுவாள்? அவள் மௌனத்தை அறிவின் குறை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது பொழுதின் குறை.

ஆண்டுக்கு ஒரு முறை, உதவி பெறும் குழந்தைகளைப் பெற்றோருடன் அருங்காட்சியகத்திற்கோ இசை நிகழ்ச்சிக்கோ அழைத்துச் செல்லலாம். பேருந்தும் உணவும் மட்டும் போதாது. அன்றைய கூலியையும் ஈடுசெய்ய வேண்டும். உடன் செல்வோர் வழிகாட்டியாக அல்லாமல் உறவினராகச் செல்ல வேண்டும். ஊரில் நூலடுக்கு வைத்தால், பகல் முழுதும் உழைப்பவர் வந்து படிக்க ஏதுவாக மாலை விளக்கேற்றியபின் அது திறந்திருக்க வேண்டும்.

வயிற்றுக்கு இடுவதோடு, மனத்திற்கும் ஒரு பொழுதை ஈவோர் இந்த அவையிலிருந்து எழ வேண்டும்.